அவெஞ்சருக்குக் கழற்றி மாட்டும் பெட்டி: கரியரில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர், பஜாஜ் அவெஞ்சர் 220 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். மனைவியோடு யாழ்ப்பாணம், நுவரெலியா என்று போய்வர வேண்டும். துணிப் பை மழையில் நனைகிறது, சில்லுப் பக்கம் சரிகிறது. அதனால் இரண்டு பக்கமும் கடினப் பெட்டி வேண்டும். இரவு தங்கும் இடத்தில் திறப்பைத் திருகிக் கழற்றி அறைக்குள் கொண்டுபோகக்கூடியதாக இருக்க வேண்டும். சேசிஸில் துளை போடக்கூடாது. எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டிருக்கிறார்.

பெட்டியைப் பிறகு பார்ப்போம். அவெஞ்சர் போன்ற குரூசர் பைக்கில் பெட்டி பழுதாவது மிகக் குறைவு. பழுதாவது அதைத் தாங்கும் கரியர்தான். பஞ்சிகாவத்தையில் பெட்டிக்குக் கைநிறையக் காசு கொடுத்துவிட்டு, மிச்சக் காசில் கண்ட இரும்பை வளைத்துக் கரியர் செய்தால், ஏ9 வீதியில் பாதி தூரம் போவதற்குள் அது தன் வேலையைக் காட்டும். ஆகவே பதிலில் பெரும்பகுதி கரியரைப் பற்றியதே.

முதலில் எடைக் கணக்கு. பைக்கின் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். அது ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான், பிறகு பூட்டிய இரும்பு எல்லாவற்றுக்கும் சேர்த்த கணக்கு. உதாரணத்துக்கு அது 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 70, மனைவி 52, ஹெல்மட், ஜாக்கெட் 5. மிச்சம் 23. கரியர் 6 கிலோ, வெறும் பெட்டி ஒன்று 4 கிலோ என்றால் இரண்டுக்கும் 8. உடுப்புக்கும் சாமானுக்கும் 9 கிலோதான் இருக்கிறது. பெட்டியில் 36 லீற்றர் இடம் இருக்கிறது என்பதற்காக 36 லீற்றரும் அடைக்க முடியாது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கும். பெட்டி செய்த கம்பனியும் ஒரு பெட்டிக்கு இத்தனை கிலோ என்று உள்ளே ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 10 கிலோ அல்லது அதற்கும் குறைவு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

இனிக் கரியர். மற்ற பைக்குகளில் பின் சீட்டுக்குக் கீழே சேசிஸ் குழாய் வெளியே தெரியும், அதில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம். குரூசரில் அந்த வசதி இல்லை. பின் மட்கார்ட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கும், இரண்டு சொக்கும் (அதிர்வு தாங்கிகள்) வெளிப்பக்கம் இருக்கும், சிக்னல் லைட்டுகள் சரியாகப் பெட்டி வரவேண்டிய இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், வலப்பக்கம் நீளமான சைலன்சர் வேறு. ஒவ்வொரு பக்கமும் கரியரை மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும்: மட்கார்டைச் சேசிஸோடு சேர்க்கும் போல்டுகள், சொக்கின் மேல் போல்ட், பின்னால் இருப்பவரின் கால்மிதிக்கு மேலே உள்ள பிடி. இந்த மூன்றும் ஒரு முக்கோணமாக வர வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் பிடித்தால் பெட்டி அந்த இரண்டையும் அச்சாக வைத்து ஊஞ்சல் ஆடும்.

மட்கார்ட் போல்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பைக்கை அசையாமல் நிறுத்தி, டோர்ச் அடித்து மட்கார்டின் உட்பக்கம் பாருங்கள். போல்ட் போய்ச் சேர்வது சேசிஸின் தடித்த இரும்பிலா, அல்லது வெறும் மட்கார்ட் தகட்டிலா? தகடு ஒரு மில்லிமீற்றர் அளவு கனம்தான். அதில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் முதலில் போல்ட் துளையைச் சுற்றிப் பெயின்ட் வெடிக்கும், பிறகு தகடு கிழியும். தகட்டில் மட்டும் பிடித்திருக்கும் போல்டைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

உள்ளே பார்க்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள்: போல்டின் நுனிக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளி? அவெஞ்சரின் பின் டயர் 130/90-15. கரியர் பூட்டும்போது பழைய போல்டின் நீளம் போதாது, நீளமானது போட வேண்டிவரும். கடையில் 45 மி.மீ. இல்லை, 60 இருக்கிறது என்று அதைப் போட்டுவிட்டால், மிச்சம் 15 மி.மீ. உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பைக் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் ஏறி, பள்ளத்தில் விழுந்து, சொக் முழுதாக அமுங்கும் அந்த நொடியில் போல்ட் நுனி டயரைக் கிழிக்கும். நீளத்தை இப்படிக் கணக்குப் பாருங்கள்: பழைய போல்டின் நீளம், கூடவே கரியர் தகட்டின் கனம், இடையில் வைக்கும் புஷ்ஷின் (இடைக் குழலின்) நீளம், வாசரின் கனம். பழையது எம்8 (8 மி.மீ. விட்டம்), நீளம் 25 மி.மீ., தகடு 5, புஷ் 15, வாசர் ஒன்றரை என்றால் 46.5 வரும். 45 போட்டால் புரி ஒன்றரை மி.மீ. குறைவாகப் பிடிக்கும், அது பரவாயில்லை, ஆனால் மொத்தப் பிடிப்பு போல்டின் விட்டத்துக்குக் குறையக்கூடாது. எம்8 என்றால் 8 மி.மீ. ஆழம், அதாவது ஆறு சுற்றுக்கு மேல். 50 போடுவதானால் நுனியை உள்ளே அளந்து, மிச்சத்தை அரத்தால் அராவி எடுங்கள்.

போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். பழைய சோனகத் தெருவில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஒரு பொறி அங்கேயும் இருக்கிறது. ஹார்ட்வெயார் கடை எம்10 போல்டின் புரி இடைவெளி 1.5 மி.மீ.; பைக்குகளில் வரும் எம்10 பெரும்பாலும் 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், ‘துரு பிடித்திருக்கு’ என்று ஸ்பானரால் அழுத்துவார்கள், சேசிஸில் இருக்கும் நட்டின் புரி அதோடு போய்விடும். பழைய போல்டைக் கையில் கொண்டுபோய், புதியதின் பக்கத்தில் வைத்துப் புரியோடு புரி பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். கையால் முழுதாக ஏறாத போல்டை ஸ்பானரால் ஏற்றக்கூடாது.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லஸ் போல்ட் போடச் சொல்வார்கள். சிக்னல் லைட்டுக்கும் இலக்கத் தகட்டுக்கும் தாராளமாகப் போடலாம். சொக் போல்டுக்கு வேண்டாம். வழமையான ஏ2-70 ஸ்டெயின்லஸ், 8.8 இரும்பை விடச் சீக்கிரம் நீளும். அங்கே துத்தநாகப் பூச்சுள்ள 8.8 போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் போதும்.

சொக்கின் மேல் போல்டில் கரியர் தகடு சொக்கின் வளையத்துக்கு வெளிப்பக்கம்தான் வர வேண்டும். சொக்குக்கும் சேசிஸுக்கும் இடையில் தகட்டைச் செருகினால் சொக்கின் மேல் நுனி வெளியே தள்ளப்பட்டு, சொக் சரிந்து வேலை செய்யும். சில ஆயிரம் கிலோமீற்றரில் எண்ணெய் கசியும். வெளிப்பக்கம் வைக்கும்போதும் தகடு சொக்கின் றப்பர் புஷ்ஷை நசுக்கக்கூடாது, உள்ளே இருக்கும் இரும்புக் குழலில் மட்டும் உட்கார வேண்டும். அதற்குச் சரியான விட்டத்தில் ஒரு வாசர் போதும். சொக்கின் கீழ் போல்டையும் ஸ்விங் ஆர்மையும் தொடவே வேண்டாம். அவை சில்லோடு மேலும் கீழும் போகும் பாகங்கள். மேல் நுனி சேசிஸிலும் கீழ் நுனி ஸ்விங் ஆர்மிலும் பூட்டிய கரியர் முதல் வேகத்தடையிலேயே ஏதாவது ஒன்றை முறிக்கும்.

கரியரின் குழாய் 16 அல்லது 18 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. கனம், சாதாரண இரும்பு. அலுமினியப் பெட்டிகளுக்கு வரும் கொக்கிகள் பெரும்பாலும் இந்த இரண்டு அளவுக் குழாய்க்குத்தான் செய்யப்படுகின்றன. தண்ணீர்க் குழாயில் செய்தால் மலிவு என்று வெல்டிங் பாஸ் சொல்வார். அரை அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் உண்மையில் 21.3 மி.மீ.; கொக்கி ஏறாது. அதோடு அந்தத் துத்தநாகப் பூச்சை அராவாமல் வெல்ட் பிடித்தால் வெல்ட் துளைதுளையாக வரும், புகையும் உடம்புக்குக் கெடுதி. தகடுகளுக்கு 5 மி.மீ. போதும். முடிந்தால் மிக் வெல்டிங் செய்யும் இடமாகப் பாருங்கள், 2 மி.மீ. குழாயைக் குச்சி வெல்டிங்கில் ஓட்டை விழாமல் ஒட்டுவதற்கு நல்ல கை வேண்டும். குழாய் தகட்டைச் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு முக்கோணத் தகடு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒற்றை சிலிண்டர் இயந்திரத்தின் நடுக்கத்தில் கரியர் வெடிப்பது நடுவில் அல்ல, வெல்ட் முடியும் அந்த விளிம்பில்தான்.

பைக்கில் வைத்தே புள்ளி வெல்ட் போட்டால்தான் அளவு சரியாக வரும் என்பது உண்மை. அப்படியானால் பற்றறியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், சி.டி.ஐ. (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இணைப்பையும் பிடுங்குங்கள், வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில், அதே தகட்டில் மாட்டுங்கள். எர்த்தைச் சில்லிலோ இயந்திரத்திலோ மாட்டினால் மின்னோட்டம் பெயரிங் குண்டுகள் வழியாகப் போய் அவற்றைச் சுட்டுவிடும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்பால் வையுங்கள். கரியரைக் கழற்றி வெளியே எடுத்தபிறகு முழு வெல்டையும் போடட்டும்.

இப்போது எல்லோரும் விட்டுவிடும் பாகம். இடது கரியரையும் வலது கரியரையும் பின்னால், இலக்கத் தகட்டுக்குக் கீழே, ஒரு குறுக்குச் சட்டத்தால் சேர்க்க வேண்டும். 25க்கு 5 மி.மீ. பட்டை இரும்பை மட்கார்டைச் சுற்றி யூ வடிவில் வளைத்து இரு பக்கமும் எம்8 போல்டால் பூட்டினால் போதும். பெட்டியின் எடை வெளியே தொங்குகிறது. அதனால் கரியரின் கீழ் நுனி உள்ளே, சில்லை நோக்கித் திரும்பப் பார்க்கும். வளைவுகளில் அது ஒவ்வொரு தடவையும் நடக்கும். குறுக்குச் சட்டம் இருந்தால் இடது பெட்டி தள்ளுவதை வலது பெட்டி தாங்கும். இல்லாவிட்டால் முழு அடியும் மட்கார்ட் போல்டுக்கு. கம்பனிக் கரியர் வாங்கினாலும் அது வரும் பொதிக்குள் இந்தச் சட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இறுக்கும் ஒழுங்கு: எல்லாப் போல்டையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, கரியரை நேராக்கி, பிறகு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒரு நுனியை முதலிலேயே இறுக்கிவிட்டு மற்ற நுனியைக் கம்பியால் நெம்பித் துளைக்குள் செலுத்தினால், பூட்டியிருக்கும்போதே கரியர் இழுபட்டு நிற்கும். அந்த இழுவைக்கு மேல் நடுக்கமும் சேர்ந்தால் வெடிப்பு நிச்சயம். எம்8 8.8க்கு 22 முதல் 25 நியூட்டன் மீற்றர், எம்6க்கு 10, சொக் போல்டுக்குக் கையேட்டில் உள்ள அளவு. நீல நிற லொக்டைட் (புரி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு இறுக்கத்தை மறுபடி பாருங்கள், 300இல் மறுபடி. ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து டிப்பெக்ஸால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. காலையில் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சைலன்சர் பக்கம் பொறுமை வேண்டும். பிளாஸ்டிக் பெட்டிக்கும் சைலன்சருக்கும் இடையில் குறைந்தது 5 செ.மீ. விடுங்கள். பொலிபுரோபிலீன் உருகுவது 160 பாகை அளவில் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகி வளையத் தொடங்கும். இடம் போதாவிட்டால் ஒரு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டைப் பெட்டியின் அடியில், 2 செ.மீ. காற்று இடைவெளி விட்டுப் பூட்டலாம். தகட்டைப் பெட்டியோடு ஒட்டிவைத்தால் பயனில்லை. வெப்பத்தைத் தடுப்பது இடையில் ஓடும் காற்றுத்தான். நெடுஞ்சாலையில் ஓடும்போது அல்ல, கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் பெட்டி அதிகம் சூடாகும்.

இந்த இடைவெளிக்காக வலப் பெட்டி இடப் பெட்டியை விட வெளியே தள்ளி நிற்கும். அழகுக்காக இடப் பெட்டியையும் அதே அளவு வெளியே தள்ளத் தேவையில்லை. எடையைச் சரிசெய்தால் போதும். இடப் பெட்டியின் நடு, பைக்கின் நடுக்கோட்டில் இருந்து 35 செ.மீ., வலப் பெட்டியின் நடு 41 செ.மீ. என்றால், பெட்டியின் எடையும் சேர்த்து இடத்தில் 7 கிலோ, வலத்தில் 6 கிலோ வந்தால் இரண்டும் சமம். குளியலறைத் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

அகலத்துக்கு அளவுகோல் ஹேண்டில். உங்கள் பைக்கில் அது ஏறத்தாழ 80 செ.மீ. பெட்டிகளின் மொத்த அகலம் அதைத் தாண்டினால், ஹேண்டில் புகுந்த இடத்தில் பின்பக்கம் புகாது. காலி வீதியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் இதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கு அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை. யாழ்ப்பாணம் என்றால் புத்தளம், அநுராதபுரம் வழியாக பஸ்ஸோடும் லொறியோடும்தான் போயாக வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் 120 கி.மீ. வேக எச்சரிக்கையை விட இந்த அகலம்தான் உங்களுக்கு உதவும். குறுகலான, 22 முதல் 30 லீற்றர் வரையான பெட்டி போதும்.

பெட்டி வாங்குவதற்கு முன், அதே அளவில் இரண்டு காட்போட் பெட்டியைக் கரியரில் டேப்பால் ஒட்டி இரண்டு பேரும் ஏறி உட்காருங்கள். மனைவியின் குதிகால் பெட்டியில் இடிக்கிறதா? குதிகாலுக்கும் பெட்டிக்கும் 5, 6 செ.மீ. வேண்டும். ஏறும்போது கால் தூக்கிப் போட முடிகிறதா? பின் சில்லின் அச்சுத் தண்டை வெளியே இழுக்கக் கரியர் வழிவிடுகிறதா? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். மதவாச்சிக்கு அப்பால் பஞ்சர் ஆகி, சில்லைக் கழற்ற முழுக் கரியரையும் பிரிக்க வேண்டி வந்தால் அதன் அருமை தெரியும். செயின் இறுக்கும் நட்டுக்கும் ஸ்பானர் போக வேண்டும்.

பெட்டி பூட்டும் முறைகள் மூன்று. கிவி, ஷாட் போன்ற கம்பனிகளின் பெட்டிகளில், பெட்டியைச் சட்டத்தில் கொக்கி மாட்டித் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், திறப்பால் திறந்தால் கழன்றுவிடும். உங்கள் தேவைக்கு இதுதான் பொருத்தம். இரண்டாவது, அலுமினியப் பெட்டியின் முதுகில் கொக்கியும் உள்ளிருந்து திருகும் குமிழும். பெட்டியைத் திறக்காமல் கழற்ற முடியாது, ஆனால் பழுதாக அதில் ஒன்றும் இல்லை. மூன்றாவது, குரூசர்களுக்கென்றே வரும் தோல் போர்த்திய பெட்டி; மட்கார்ட் போல்டில் நிற்கும் முளைகளில் றப்பர் வளையத்தோடு உட்காரும். பார்வைக்கு அதுதான் அழகு. றப்பர் வெயிலில் காய்ந்ததும் ஆட்டம் தொடங்கும். மாற்று வளையம் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எதுவானாலும் சோதனை ஒன்றே. பெட்டியில் சாமான் வைத்துப் பூட்டி, அதன் கீழ் விளிம்பைப் பிடித்து ஆட்டுங்கள். பெட்டியோடு முழு பைக்கும் ஆடினால் சரி. பைக் நிற்க, பெட்டி மட்டும் டக் டக் என்று ஆடினால் கொக்கிக்கும் குழாய்க்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடத்தில் சுற்றி இடைவெளியை எடுங்கள். அந்த ஒரு மில்லிமீற்றர் ஆட்டம்தான் பூட்டின் நாக்கைத் தின்று, ஒருநாள் பெட்டியை வீதியில் விடும். தூரப் பயணத்தில் கைபிடியூடாகக் கரியருக்கு ஒரு பெல்ட் போட்டுக்கொள்வதும் நல்லது.

பின் சிக்னல் லைட்டுகளைப் பெட்டி மறைக்கும். அவற்றைக் குறுக்குச் சட்டத்துக்கு மாற்றுங்கள், பின்னாலிருந்தும் சாய்வாகப் பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும். வயரை நீட்டும்போது முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழல் போடுங்கள். எல்.இ.டி. போட்டுச் சிக்னல் வேகமாகத் துடித்தால் சிக்னலைத் துடிக்கவைக்கும் பிளாஷரையும் எல்.இ.டி.க்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். இலக்கத் தகடும் அதன் விளக்கும் மறையக்கூடாது. பூட்டியதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மேல் பெட்டியும் போடலாமா என்றால், வேண்டாம். சாப்பாடு கொண்டுபோகும் பைக்குகளில் இருக்கிறதே என்பார்கள். அதில் பின்னால் ஆள் இருப்பதில்லை. உங்கள் பைக்கில் அது முதுகுச் சாய்வுக்கும் பின்னால், அச்சில் இருந்து 40 செ.மீ. தள்ளி வரும். 12 கிலோ அங்கே இருந்தால் முன் சில்லில் இருந்து 3 கிலோ குறைந்து பின் சில்லில் 15 கிலோ ஏறும். ஏற்கெனவே இரண்டு பேரும் இரண்டு பெட்டியும் பின்னால்தான். நுவரெலியா வழியில் றம்பொடை வளைவுகளில் ஏறும்போது முன் சில்லின் பிடி குறைவது அப்படியே கையில் தெரியும்.

தண்ணீர் புகுகிறதா என்று மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே டிஷ்யூ விரித்துப் பூட்டி, மூடியின் விளிம்பைச் சுற்றிப் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடியுங்கள். நனைந்த இடத்தை டிஷ்யூ காட்டும். பெரும்பாலும் பிணைச்சல் பக்கத்து மூலைதான். சீல் றப்பரில் சிலிக்கன் கிரீஸ் தடவினால் பாதிப் பிரச்சினை தீரும். அலுமினியப் பெட்டி என்றால் உள்ளே 3 மி.மீ. றப்பர் விரிப்புப் போடுங்கள். இல்லாவிட்டால் நடுக்கத்தில் சாமான் உரசி, வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் நிறமாகும்.

சாமான் வைத்ததும் பைக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பின் சொக்கில் ஐந்து படி இருக்கிறது. இருவரும் பெட்டியும் என்றால் நான்கு அல்லது ஐந்து, இரு பக்கமும் ஒரே படி. டயர் காற்று, கையேட்டில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவு, டயர் ஆறியிருக்கும்போது. பாரத்தோடு ஒருவர் ஏறியிருக்கச் செயின் தளர்வைப் பாருங்கள்; வெறும் பைக்கில் சரியாக இருந்தது பாரம் ஏறியதும் விறைத்துவிடும். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும். சுவரில் ஒளிக்கோட்டைப் பார்த்துப் பழைய உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.

டூல்ஸ், பஞ்சர் சாமான், ரெயின்கோட் மூன்றையும் இடப் பெட்டியின் அடியில், முன்பக்கமாக வையுங்கள். வீதியோரத்தில் நிறுத்தித் திறக்கும்போது நீங்கள் நிற்பது அந்தப் பக்கம்தான். கூடவே ஒரு சிறு பையில் எம்8 போல்ட் நான்கு, நைலொக் நட் (உள்ளே நைலோன் வளையம் உள்ளது) நான்கு, வாசர் எட்டு, எம்6இல் இரண்டு.